மின்னூலுக்கு என்ன விலை வைப்பது? முதல் புத்தகம் போடுகிறவர்களுக்கு

நாவலை எழுதி முடித்தாயிற்று, நாலு தடவை திருத்தியாயிற்று, அட்டையும் வந்துவிட்டது. அமேசானின் மின்னூல் கடையான கிண்டிலில் ஏற்ற மூன்று பக்கம் நிரப்ப வேண்டும். முதல் இரண்டையும் ஒரே மூச்சில் நிரப்பிவிட்டு மூன்றாவதுக்கு வந்தால் அங்கே விலை என்று ஒரு சின்னக் கட்டம் இருக்கும். என் முதல் நாவலுக்கு அந்தக் கட்டத்தின் முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்திருந்தேன். 49 என்று அடிப்பேன், அழித்துவிட்டு 99 என்று அடிப்பேன், "நம்மளை யாருக்குத் தெரியும், நூறு ரூபாய் கொடுத்து யார் வாங்குவாங்க" என்று தோன்றும், மறுபடி அழிப்பேன். இப்போது புதிதாக எழுத வருகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பதும் இதைத்தான். அதனால் எனக்குத் தெரிந்த அளவுக்கு முழுசாக எழுதிவிடுகிறேன்.

முதலில் ஒன்று. அந்தக் கட்டத்தில் நீங்கள் போடும் எண் உங்கள் எழுத்துக்கு நீங்களே போடும் மார்க் கிடையாது. இந்தப் புத்தகம் உங்களுக்கு என்ன வேலை செய்ய வேண்டும் என்பதைத்தான் அந்த எண் தீர்மானிக்கிறது. புது வாசகரைக் கொண்டுவர வேண்டுமா, ஏற்கனவே படிக்கிறவரிடமிருந்து வருமானம் வர வேண்டுமா, அமெரிக்காவில் இருக்கும் தமிழர் வாங்க வேண்டுமா, ஈரோட்டில் கல்லூரியில் படிக்கும் பெண் வாங்க வேண்டுமா? இது தெளிவானால் விலை பாதி தெளிவாகிவிடும். மீதிப் பாதி வெறும் கணக்கு.

நான் கிண்டிலை வைத்தே பேசப் போகிறேன், எனக்குப் பழக்கமான கடை அதுதான். 2016 இறுதியில் தமிழ் உட்பட சில இந்திய மொழிகள் கிண்டிலுக்கு அதிகாரபூர்வமாக வந்தன. அதற்குப் பிறகு பதிப்பகம் கிடைக்காதவர்கள், பதிப்பகத்துக்குக் காத்திருக்க விரும்பாதவர்கள், தொடர்கதை எழுதிப் பழகியவர்கள் என்று பலரும் அங்கே நேரடியாகப் போட ஆரம்பித்தார்கள். ஆசிரியரே ஏற்றும் அந்தச் சேவைக்குக் கேடிபி என்று பெயர். ஏற்றக் காசு கிடையாது. விற்றால் ஒரு பங்கு அவர்களுக்கு, ஒரு பங்கு நமக்கு.

அந்தப் பங்கில்தான் விஷயம் இருக்கிறது. இரண்டு திட்டம் உண்டு: 35 சதவீதம், 70 சதவீதம். இந்தியக் கடையில் சின்னக் கோப்புக்குக் குறைந்தபட்ச விலை 49 ரூபாய். ஆனால் 70 சதவீதப் பங்கு வேண்டும் என்றால் விலை 99 ரூபாயிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அதற்கு ஒரு மேல் எல்லையும் உண்டு, நாவல் போடுகிறவர் அதைத் தொடப் போவதில்லை. இந்திய விற்பனைக்கு 70 சதவீதம் கிடைக்க இன்னொரு நிபந்தனையும் இருக்கிறது. புத்தகத்தைக் கேடிபி செலக்ட் என்ற திட்டத்தில் சேர்த்திருக்க வேண்டும். அது என்ன என்று கீழே சொல்கிறேன். சேர்க்காவிட்டால் நீங்கள் 99 வைத்தாலும் 199 வைத்தாலும் இந்தியாவில் கிடைப்பது 35 சதவீதம்தான்.

இப்போது ஒரு தாளை எடுத்து என்னோடு சேர்ந்து போட்டுப் பாருங்கள். வரியை இப்போதைக்கு ஒதுக்கி வைப்போம். 49 ரூபாய்க்கு ஒரு பிரதி விற்றால் 35 சதவீதம், அதாவது 17 ரூபாய் 15 காசு. 99 ரூபாய்க்கு 70 சதவீதம் என்றால் 69 ரூபாய் வரும் என்று நினைப்போம், ஆனால் இந்தத் திட்டத்தில் டெலிவரிக் கட்டணம் என்று ஒன்றைக் கழிப்பார்கள். இந்தியக் கடையில் கோப்பின் அளவில் ஒரு எம்பிக்கு (மெகாபைட்) 7 ரூபாய். வெறும் எழுத்து மட்டுமே உள்ள நாவல் ஒரு எம்பி என்று வைத்துக்கொண்டால் 99-இல் 7 போக 92, அதில் 70 சதவீதம் 64 ரூபாய் 40 காசு. அதாவது 99 ரூபாய்க்கு ஒன்று விற்பதும் 49 ரூபாய்க்கு கிட்டத்தட்ட நான்கு விற்பதும் உங்கள் பையில் ஒன்றுதான். விலையைப் பாதியாகக் குறைத்தால் நான்கு மடங்கு பேர் வாங்குவார்களா? பெயர் தெரியாத எழுத்தாளருக்கு வாங்க மாட்டார்கள் என்பதுதான் நான் பார்த்தது. 49 ரூபாய் கொடுக்கத் தயாரானவர் புத்தகம் பிடித்திருந்தால் 99-ம் கொடுப்பார். தயாராகாதவருக்கு 49-ம் அதிகம்தான்.

டெலிவரிக் கட்டணம் சின்ன விஷயம் மாதிரித் தெரியும். படம் நிறைய உள்ள புத்தகத்துக்கு அதுவே ஆளைச் சாய்த்துவிடும். ஒருவர் சமையல் புத்தகம் போடுகிறார், ஒவ்வொரு குழம்புக்கும் போனில் எடுத்த போட்டோ, கோப்பு 8 எம்பி. 99-இல் 56 ரூபாய் டெலிவரிக்கே போய்விடும், மிச்சம் 43, அதில் 70 சதவீதம் 30 ரூபாய் 10 காசு. 35 சதவீதத் திட்டத்தில் டெலிவரிக் கட்டணம் கிடையாது, அதே 99-க்கு 34 ரூபாய் 65 காசு வந்திருக்கும். எழுபதை விட முப்பத்தைந்து அதிகம் தருகிற இடம் இது! விலைப் பக்கத்திலேயே உங்கள் கோப்பின் அளவையும், கழியும் தொகையையும், கைக்கு வரும் தொகையையும் வரிசையாகக் காட்டுவார்கள். பெரும்பாலோர் கடைசி எண்ணை மட்டும் பார்த்துவிட்டு வெளியீடு பொத்தானை அமுக்கிவிடுவார்கள். படங்களைச் சுருக்கி மறுபடி ஏற்றினால் அந்த எண் எப்படி மாறுகிறது என்று ஒரு தடவை பாருங்கள்.

சரி, கேடிபி செலக்ட். இதில் சேர்ந்தால் 90 நாட்களுக்கு உங்கள் புத்தகத்தின் மின்வடிவம் அமேசானைத் தவிர வேறு எங்கும் இருக்கக் கூடாது. அச்சுப் புத்தகம் எங்கே வேண்டுமானாலும் விற்கலாம், அதற்குத் தடை இல்லை. ஆனால் கூகுள் பிளே புக்ஸ், பிரதிலிபி, உங்கள் சொந்தத் தளம், பிடிஎஃப் எதுவும் கூடாது, இலவசமாகக்கூட. மாதிரிக்காகப் பத்து சதவீதம் வரை வெளியே வைத்துக்கொள்ளலாம். தமிழில் இது முக்கியமான சிக்கல், ஏனென்றால் நம்மில் பலர் முதலில் அத்தியாயம் அத்தியாயமாக இணையத்தில் எழுதி, வாசகர்கள் கேட்ட பிறகு புத்தகமாக்குகிறவர்கள். செலக்டில் சேர்க்கும் முன் பழைய அத்தியாயங்களைத் தேடிப் பிடித்து எடுத்துவிட வேண்டும். நீங்களே மறந்துபோன ஒரு குழுவில் ஒட்டியிருப்பீர்கள், அதையும் சேர்த்து. 90 நாள் முடிந்தால் தானாகவே புதுப்பித்துக்கொள்ளும், வேண்டாம் என்றால் அந்த டிக்கை முன்கூட்டியே எடுத்துவிட வேண்டும்.

யாரும் பகிரலாம் என்று அனுமதிக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் நூலை இலவசமாகக் கொடுத்தவர்களும் இங்கே யோசிக்க வேண்டும். தமிழில் அதற்கு ஒரு நல்ல மரபு இருக்கிறது. 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் தன்னார்வலர்கள் பழைய இலக்கியங்களை எழுத்தெழுத்தாகத் தட்டச்சு செய்து இலவசமாக வைத்தார்கள், பிறகு ஃப்ரீதமிழ்இபுக்ஸ் தளம் இன்றைய எழுத்தாளர்களின் நூல்களை அப்படி வெளியிட்டது. நான் அங்கே எத்தனையோ புத்தகம் இறக்கிப் படித்திருக்கிறேன், அந்த உழைப்பின் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அந்த உரிமத்தில் ஒரு தடவை கொடுத்ததைத் திரும்பப் பெற முடியாது, அப்புறம் அதே நூலைச் செலக்டில் சேர்க்கவும் முடியாது. எந்தப் புத்தகத்தை எந்தப் பாதையில் விடுவது என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள்.

இவ்வளவு கட்டுப்பாட்டுக்கு ஏன் சம்மதிக்க வேண்டும்? 70 சதவீதம் ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் கிண்டில் அன்லிமிடெட். மாதச் சந்தா கட்டியவர்கள் அதில் உள்ள எந்தப் புத்தகத்தையும் தனியாகக் காசு கொடுக்காமல் எடுத்துப் படிக்கலாம், செலக்டில் சேர்ந்த புத்தகம் எல்லாம் அதில் வந்துவிடும். நமக்குக் காசு எப்படி என்றால், எத்தனை பக்கம் படிக்கப்பட்டதோ அத்தனைக்கு. 2015 ஜூலையிலிருந்து இந்த முறைதான். எடுத்துவிட்டு படிக்காமல் வைத்திருந்தால் ஒன்றும் இல்லை, ஒருவர் அதே பக்கத்தை இரண்டாம் முறை படித்தாலும் ஒரு தடவைதான் கணக்கு. பக்கம் என்பது அச்சுப் பக்கம் கிடையாது, எல்லாப் புத்தகத்துக்கும் பொதுவாக அவர்களே ஒரு அளவு வைத்து எண்ணுவார்கள். பக்கத்துக்கான தொகை மாதாமாதம் மாறும், அந்த மாதம் ஒதுக்கிய மொத்தத் தொகையையும் எல்லோரும் சேர்ந்து படித்த பக்கங்களையும் பொறுத்தது.

கணக்குக்குப் பக்கத்துக்கு 10 காசு என்று வைத்துக்கொள்வோம். உங்கள் நாவல் அவர்கள் அளவில் 250 பக்கம். சந்தாதாரர் ஒருவர் கடைசி வரை படித்தால் 25 ரூபாய். 49 ரூபாய்க்கு ஒருவர் காசு கொடுத்து வாங்கினால் 17 ரூபாய். பார்த்தீர்களா? காசு கொடுக்காமல் படித்தவர் காசு கொடுத்து வாங்கியவரைவிட உங்களுக்கு அதிகம் தந்துவிட்டார். தமிழில் குடும்ப நாவல், காதல் தொடர், துப்பறியும் கதை எழுதுகிறவர்களில் பலருக்கு விற்பனையைவிட இந்தப் பக்கக் கணக்குதான் மாத வருமானம். அவர்களுக்கு விலை என்பது கிட்டத்தட்ட ஒரு விளம்பரப் பலகை மாதிரி. சந்தாதாரர் அந்த விலையைக் கொடுக்கப் போவதில்லை, ஆனால் 149 ரூபாய்ப் புத்தகம் தனக்குச் சந்தாவிலேயே கிடைக்கிறது என்று பார்ப்பார். 49 என்று இருந்தால் அந்த எண்ணம் வராது.

கவிதைத் தொகுப்பு போடுகிறவருக்கு இந்தக் கணக்கு தலைகீழ். அறுபது பக்கத் தொகுப்பை ஒருவர் முழுக்கப் படித்தாலும் 6 ரூபாய்தான். கவிதைக்குச் சந்தாவை நம்பாதீர்கள். விலைக்கு வாங்குகிறவரை நம்புங்கள், இல்லையென்றால் அச்சில் போட்டுவிட்டு மின்னூலைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஆக என்ன விலை வைக்கலாம்? என் கருத்தைச் சொல்கிறேன். 150 பக்கத்துக்கு மேற்பட்ட முதல் நாவலுக்கு 99. அதற்குக் கீழே போகக் காரணம் இல்லை. குறுநாவல், இரண்டு மூன்று சிறுகதை என்றால் 49 நியாயம், ஏனென்றால் 99 கொடுத்து வாங்கி அரை மணி நேரத்தில் முடித்துவிட்ட வாசகர் கோபத்தோடு ஒற்றை நட்சத்திரம் போடுவார், அந்தக் கோபத்தில் தப்பும் இல்லை. தொடர் நாவல் என்றால் முதல் பாகத்தை 49-இல் வைத்துவிட்டு அடுத்த பாகங்களை 99, 149 என்று வைக்கலாம். முதல் பாகத்தின் வேலை ஆளை உள்ளே கூட்டி வருவது, அதில் சம்பாதிக்க வேண்டியதில்லை. கட்டுரை நூல், தொழில் நூல், வீட்டுக் கடன் பற்றியோ மாடித் தோட்டம் பற்றியோ உருப்படியாக எழுதிய நூல் என்றால் தைரியமாக 149, 199 வையுங்கள். அந்த வாசகருக்கு ஒரு தேவை இருக்கிறது, விலை அவருக்கு இரண்டாம் பட்சம்.

"நாட்டுடைமையாக்கப்பட்ட பெரிய எழுத்தாளர்களின் நாவல்களே இலவசமாகக் கிடைக்கும்போது என்னுடையதை யார் வாங்குவார்" என்று ஒரு தம்பி கேட்டார். இதற்கு விலையைக் குறைப்பது விடை ஆகாது. இலவசத்தோடு 49 ரூபாயும் போட்டி போட முடியாது, 99 ரூபாயும் முடியாது. அந்த நாவல்களில் இல்லாத ஒன்று உங்களிடம் இருக்கிறது, இன்றைய ஊர், இன்றைய வேலை, இன்றைய பேச்சு. அதைச் சொல்லித்தான் விற்க வேண்டும்.

வெளிநாட்டு விலையைத் தனியாக வையுங்கள். ரூபாயில் ஒரு எண் போட்டால் டாலர், பவுண்டுக்கெல்லாம் அதுவே மாற்றிப் போட்டுவிடும், 99 ரூபாய் ஒரு டாலரை ஒட்டி வந்து நிற்கும். அமெரிக்கக் கடையில் 70 சதவீதம் வேண்டுமானால் விலை 2.99 டாலரிலிருந்து தொடங்க வேண்டும். 0.99-க்கு விற்றால் கையில் 35 சென்ட் கூட முழுசாக வராது, 2.99-க்கு விற்றால் ஏறக்குறைய 2 டாலர். நியூ ஜெர்சியில் இருக்கும் தமிழ் வாசகருக்கு இந்த வித்தியாசம் பெரிய விஷயம் இல்லை. ஆனால் இங்கே ஒரு மனக்கஷ்டம் உண்டு. இலங்கைக்கென்று தனிக் கிண்டில் கடை கிடையாது, யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ இருக்கிற வாசகர் அதே டாலர் கடையில்தான் வாங்க வேண்டும். 2.99 டாலர் என்பது அங்கே 900 இலங்கை ரூபாய் அளவுக்கு வரும். உங்கள் வாசகர்கள் அங்கே அதிகம் என்றால் டாலர் விலையைக் குறைத்தே வையுங்கள் என்பேன், வருமானம் குறைந்தாலும் பரவாயில்லை. யார் படிக்க வேண்டும் என்று எழுதினோமோ அவர்களுக்கு எட்டாத விலை வைத்து என்ன பயன்?

பொங்கல், சித்திரைப் புத்தாண்டு என்று ஒரு வாரம் 99-ஐ 49 ஆக்குகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். 49 போட்டதும் 70 சதவீதத் திட்டம் செல்லாது, 35-க்கு மாற்றினால்தான் சேமிக்க விடும். வாரம் முடிந்து மறுபடி 99 ஆக்கும்போது திட்டத்தையும் நீங்களே 70-க்குத் திருப்ப வேண்டும், அது தானாகத் திரும்பாது. நான் ஒரு தடவை விலையை மட்டும் ஏற்றிவிட்டு இதை விட்டுவிட்டேன். இரண்டு மாதம் கழித்துத்தான் தெரிந்தது, விற்ற ஒவ்வொரு பிரதிக்கும் முப்பது ரூபாய் போயிருந்தது. அதற்குப் பிறகு சலுகை தொடங்கும் நாளிலேயே போனில் ஒரு அலாரம் வைத்துவிடுகிறேன். அமெரிக்க, பிரிட்டன் கடைகளில் கவுண்ட்டவுன் என்று இதற்குத் தனி வசதி இருக்கிறது, நம் கடைக்கு அது கிடையாது.

இனி இலவச நாட்கள். செலக்டில் இருக்கும் ஒவ்வொரு 90 நாளுக்கும் 5 நாள் புத்தகத்தை இலவசமாகக் கொடுக்கலாம், மொத்தமாகவும் பிரித்தும். இறக்கிக்கொள்கிறவர்களால் ஒரு காசும் வராது. ஆனால் அதே நாட்களில் சந்தாவில் எடுத்துப் படிக்கிறவர்களின் பக்கத்துக்குக் காசு உண்டு.

இதில் முதலில் தெரிய வேண்டியது நேரம். இலவசம் தொடங்குவது அமெரிக்க மேற்குக் கரை நேரப்படி நள்ளிரவில். நமக்கு அது மதியம் 12:30, நவம்பர் முதல் மார்ச் வரை 1:30. "இன்று முதல் இலவசம்" என்று காலை ஏழு மணிக்கே வாட்ஸ்அப்பில் போட்டுவிடுவார்கள், வாசகர் ஆசையாகத் திறந்தால் 99 ரூபாய் என்று காட்டும். சிலர் தெரியாமல் வாங்கியும் விடுவார்கள், பலர் மூடிவிட்டு மறந்துவிடுவார்கள். இந்த இரண்டாவது கூட்டம் திரும்ப வராது. மதியத்துக்கு மேல் நீங்களே பக்கத்தைத் திறந்து விலை பூஜ்யம் ஆகிவிட்டதா என்று பார்த்துவிட்டு அதற்குப் பிறகு சுட்டியை அனுப்புங்கள்.

இரண்டாவது, ஏன் கொடுக்கிறோம் என்பது. இலவசமாக இறக்கியவர்களில் பாதிப் பேர் திறக்கவே மாட்டார்கள், அதற்காக மனம் வாடத் தேவையில்லை. நாமும் அப்படி எத்தனை புத்தகம் இறக்கி வைத்திருக்கிறோம். இலவச நாளின் பலன் திறந்து படித்த அந்தச் சிலரிடமிருந்து வருகிறது, மதிப்புரையாகவும், நண்பருக்குச் சொல்வதாகவும், உங்களுடைய அடுத்த புத்தகத்தைத் தேடுவதாகவும். அடுத்த புத்தகமே இல்லை என்றால் அந்தத் தேடல் வீண். அதனால்தான் ஒரே ஒரு புத்தகம் மட்டும் இருக்கும்போது ஐந்து நாளையும் செலவழிக்காதீர்கள் என்கிறேன். ஒரு நாளோ இரண்டு நாளோ கொடுத்து ஆரம்ப மதிப்புரைகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டாவது புத்தகம் வந்த வாரத்தில் முதல் புத்தகத்தை இலவசமாகக் கொடுங்கள், அப்போது நடப்பதே வேறு.

அடுத்தது எப்படிச் சொல்வது. நம் ஆட்கள் பெரும்பாலும் அனுப்பும் செய்தி இப்படி இருக்கும்: "வணக்கம். எனது முதல் நாவல் கிண்டிலில் வெளியாகியுள்ளது. ஒரு டீ விலைதான். படித்து ஆதரவு தரவும்." இதில் புத்தகத்தைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. இருப்பதெல்லாம் எழுதியவரைப் பற்றி. டீ விலை என்று சொல்வது எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. இரண்டு வருடம் எழுதியதை நாமே டீக்குச் சமம் ஆக்கிவிட்டு, பிறகு வாசகர் மதிக்கவில்லை என்றால் எப்படி?

இதையே இப்படி எழுதிப் பாருங்கள். உதாரணத்துக்கு ஒரு கதையை நானே கற்பனை செய்கிறேன்: "திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றில் செக்கிங் வேலை பார்க்கிறாள் சுமதி. ஒரு சனிக்கிழமை அவள் கைக்கு வந்த சம்பளக் கவரில் மூவாயிரம் ரூபாய் கூடுதலாக இருக்கிறது. கவரின் மேல் வேறொருத்தியின் பெயர். அந்தப் பெயரில் அந்தக் கம்பெனியில் யாருமே இல்லை." அவ்வளவுதான், கீழே சுட்டி. ஆதரவு கேட்கவில்லை, விலை சொல்லவில்லை. படித்தவருக்கு அந்தப் பெயர் யாருடையது என்று தெரிய வேண்டும். இதே நான்கு வரியைப் புத்தக விவரத்தின் முதல் வரிகளாகவும் போடுங்கள், ஏனென்றால் போனில் முதல் சில வரிகள் மட்டும்தான் தெரியும், மீதியைப் பார்க்க அமுக்க வேண்டும். அந்த இடத்தில் "இந்நூலாசிரியர் இன்ன ஊரில் பிறந்து" என்று தொடங்கினால் யாரும் அமுக்க மாட்டார்கள்.

அட்டையையும் போனிலேயே பாருங்கள். வடிவமைப்பாளர் அனுப்பும் அட்டையைக் கணினியில் பெரிதாக வைத்து ரசிப்போம், வாசகர் பார்ப்பதோ கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய படம். தமிழ்த் தலைப்பு நீளமாக இருக்கும், வளைந்த அலங்கார எழுத்தில் போட்டால் அந்த அளவில் ஒரு எழுத்தும் தெரியாது. அட்டையை வாட்ஸ்அப்பில் உங்களுக்கே அனுப்பி, கையை நீட்டிப் பிடித்துப் பாருங்கள். தலைப்பு படிக்க முடியவில்லை என்றால் எழுத்தை மாற்றச் சொல்லுங்கள்.

பழைய கோப்பு வைத்திருக்கும் மூத்த எழுத்தாளர்களுக்கு ஒரு வார்த்தை. பாமினி, வானவில் மாதிரி எழுத்துருவில் தட்டச்சு செய்ததை அப்படியே ஏற்ற முடியாது, யூனிகோடுக்கு மாற்றியாக வேண்டும். மாற்றித் தரும் கருவிகள் இணையத்தில் இலவசமாகவே இருக்கின்றன, ஆனால் மாற்றிய பிறகு முழுக்க ஒரு தடவை படியுங்கள். கொம்பும் காலும் இடம் மாறி உட்கார்ந்திருக்கும். வாங்கும் முன் வாசகர் இலவசமாகப் பார்ப்பது முதல் பத்து சதவீதம் அளவுதான். அதில் முன்னுரை, நன்றியுரை, வாழ்த்துரை என்று மூன்று உரை இருந்தால் அவர் கதையையே பார்க்காமல் போய்விடுவார். உரைகளைக் கடைசிக்குத் தள்ளுங்கள்.

தேடுசொல்லுக்கு ஏழு கட்டம் கொடுப்பார்கள். தமிழில் மட்டும் நிரப்பாதீர்கள். நம் வாசகர்களில் நிறையப் பேர் தமிழ் நாவல், குடும்பக் கதை என்பதையெல்லாம் ஆங்கில எழுத்தில்தான் அடித்துத் தேடுகிறார்கள். இரண்டு விதமாகவும் போடுங்கள்.

மதிப்புரை விஷயத்தில் நேர்மையாக இருங்கள். வீட்டில் உள்ளவர்கள், நெருங்கிய சொந்தங்கள் போடும் மதிப்புரையைத் தளம் ஏற்பதில்லை, கண்டுபிடித்தால் நீக்கிவிடும். "நீ எனக்குப் போடு, நான் உனக்குப் போடுகிறேன்" என்பதும் காசு கொடுத்துப் போடச் சொல்வதும் விதிமீறல். தளத்தில் குறிப்பிட்ட தொகைக்கு வாங்கியிராதவர்களுக்கு மதிப்புரை போடும் தகுதியே இருக்காது, அதனால் "போட்டேன், வரவில்லை" என்று யாராவது சொன்னால் சந்தேகப்படாதீர்கள். படித்துவிட்டு உங்களுக்குத் தனியாகச் செய்தி அனுப்புகிறவர்களிடம் மட்டும் கேளுங்கள்: "அக்கா, இதையே ரெண்டு வரி அங்கயும் எழுத முடியுமா?" எழுதச் சொல்லாமல் யாரும் எழுத மாட்டார்கள், கேட்டால் பெரும்பாலும் எழுதுவார்கள். குறை சொல்லி ஒரு மதிப்புரை வந்தாலும் பதில் சண்டை போட வேண்டாம்.

"எங்கிட்ட கிண்டில் இல்லையே" என்பது நீங்கள் அதிகம் கேட்கப்போகும் வாக்கியம். கருவி வேண்டியதில்லை, போனில் கிண்டில் செயலியை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம் என்று ஒவ்வொருவருக்கும் பொறுமையாகச் சொல்லுங்கள். செயலிக்குள்ளேயே வாங்கும் வசதி எல்லாப் போனிலும் இருக்காது. பிரவுசரில் அமேசான் தளத்தைத் திறந்து வாங்கினால் செயலியில் தானாக வந்து நிற்கும். இதை ஒரு நிமிட வீடியோவாக எடுத்து வைத்துக்கொண்டு, கேட்கிறவர்களுக்கெல்லாம் அனுப்பலாம். என் வாசகர்களில் அறுபது வயது தாண்டிய சில அம்மாக்கள் இப்படித்தான் முதல் மின்னூலைத் திறந்தார்கள், இன்று என்னைவிட வேகமாகப் படிக்கிறார்கள்.

ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சி, ஆகஸ்டில் ஈரோடு, அப்புறம் மாவட்டம்தோறும் நடக்கும் புத்தகத் திருவிழாக்கள், இவற்றை மின்னூல்காரர்கள் நமக்குச் சம்பந்தமில்லை என்று விட்டுவிடுகிறார்கள். அட்டைப்படமும் கியூஆர் குறியும் போட்ட புக்மார்க் ஐந்நூறு அச்சடித்து, அறிமுகமான கடைக்காரரிடம் கேட்டு கல்லாப் பக்கத்தில் வையுங்கள். புத்தகம் வாங்க வந்த கூட்டத்துக்கு நடுவே நிற்கிறது உங்கள் புத்தகம், அதைவிட நல்ல இடம் எது?

காசு எப்போது வரும் என்றும் சொல்லிவிட வேண்டும், இது தெரியாமல் பதறுகிறவர்கள் உண்டு. ஒரு மாதத்தில் விற்றதற்கான தொகை அந்த மாதம் முடிந்து ஏறக்குறைய 60 நாள் கழித்து வங்கிக் கணக்குக்கு வரும். ஜனவரி விற்பனை மார்ச் கடைசியில். கணக்குத் தொடங்கும்போது வரி பற்றிய கேள்விகளில் பான் எண்ணைச் சரியாகக் கொடுங்கள். அமெரிக்கக் கடையில் வரும் வருமானத்துக்கு இந்திய அமெரிக்க வரி ஒப்பந்தப்படி 15 சதவீதம் பிடிப்பார்கள், எண் கொடுக்காவிட்டால் 30 சதவீதம் போய்விடும்.

புத்தகத்தைப் பிடிஎஃப் ஆக்கிக் குழுக்களில் சுற்றுக்கு விடுகிறவர்கள் பற்றிக் கேட்பீர்கள். நடக்கிறது, மனசு எரிகிறது. பார்த்தால் குழு நடத்துகிறவருக்கு ஒரு தடவை நேரடியாக எழுதுங்கள், நீக்கச் சொல்லிப் புகார் கொடுங்கள், அதற்கு மேல் உங்கள் எழுதும் நேரத்தை அங்கே செலவழிக்காதீர்கள்.

கடைசியாக ஒரு சின்ன வேலை, பலர் செய்வதே இல்லை. கதை முடிந்த அடுத்த வரியில் வாசகர் இன்னும் அந்த உலகத்தை விட்டு வெளியே வந்திருக்க மாட்டார், உங்களோடு அவர் இவ்வளவு நெருக்கமாக இருக்கும் நேரம் வேறு கிடையாது. அந்த இடம் வெறும் "முற்றும்" என்று காலியாக இருக்கிறது. இரண்டாவது புத்தகம் வெளியான அன்றே முதல் புத்தகத்தின் கோப்பைத் திறந்து, முற்றுக்குக் கீழே அடுத்த கதையின் முதல் நான்கு வரியையும் அதன் சுட்டியையும் சேர்த்து மறுபடி ஏற்றுங்கள். மூன்று நாளுக்குள் புதுக் கோப்பு கடைக்கு வந்துவிடும். அது வந்ததை உங்கள் போனில் திறந்து, சுட்டி வேலை செய்கிறதா என்று அமுக்கிப் பார்த்த பிறகு இலவச நாளைக் குறியுங்கள்.